ஒலியும் இலக்கும்: நீர்மூழ்கிப் போர் விளையாட்டொன்றின் யதார்த்தம் பற்றிய சில குறிப்புகள்

1

கணனி விளையாட்டு ஒன்றினை இலக்கிய ஆய்விதழிலே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது பொருத்தமாகுமா என்ற வினா வாசகர் சிலரிடத்து எழக்கூடும். நாடகமும் திரைப்படமும் நாட்டார் பாடலும் இத்தகைய ஐயத்தினைக் கடந்தே திறனாய்வின் எல்லைக்குள் வந்து சேர்ந்தன என்பதை இங்கு நினைவுகூர்தல் போதுமானது. ஒரு வடிவம் தன் காலத்து மக்களின் ஓய்வு நேரத்தையும் கற்பனையையும் எவ்வளவுக்கு ஆட்கொள்கின்றதோ, அவ்வளவுக்கு அது சமூகவியல் நோக்கிலான ஆய்வுக்கு உரியதாகின்றது.

போர் சார்ந்த கணனி விளையாட்டுக்கள் குறித்து எம்மிடையே இருவகை நிலைப்பாடுகள் காணப்படுகின்றன. போரினைப் பண்டமாக்கி விற்கும் நச்சுச் சரக்குகள் இவை என்று ஒதுக்கிவிடுவோர் ஒரு சாரார். இவற்றின் நுணுக்கத்தையும் துல்லியத்தையும் கண்டு வியந்து, யதார்த்தத்தின் உச்சம் இதுவே எனப் போற்றுவோர் மற்றொரு சாரார். முன்னவர் ஆடிப்பாராமலே தீர்ப்பு வழங்குகின்றனர். பின்னவர் ஆடிய களிப்பிலே தீர்ப்பு வழங்கவே மறந்துவிடுகின்றனர். இவ்விரு சாராரும் கேளாத வினா ஒன்றுண்டு: இவ்விளையாட்டு ஆடுபவருக்கு எத்தகைய அறிவினை அளிக்கின்றது? அவ்வறிவின் எல்லை யாது?

இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, 2005ஆம் ஆண்டு யூபிசொஃப்ற் நிறுவனம் வெளியிட்ட 'சைலன்ற் ஹன்ரர் 3' என்னும் விளையாட்டினை எடுத்துக்கொள்வோம். அதனை உருவாக்கியது அந்நிறுவனத்தின் ருமேனியக் கலையகமாகும். இரண்டாம் உலகப் போரின்போது அத்திலாந்திக் சமுத்திரத்திலே இயங்கிய ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் தலைவராக ஆடுபவர் இங்கு அமர்த்தப்படுகிறார். இவ்வகை விளையாட்டுக்களுக்கு 1985இல் வெளிவந்த 'சைலன்ற் சேர்விஸ்' முதலாகத் தொடர்ச்சியான வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே அமெரிக்கக் கடற்படைக்குப் பணியாற்றும் சோனலிஸ்ற்ஸ் நிறுவனத்துக்கும் இடமுண்டு. '688(ஐ) ஹன்ரர்/கில்லர்' (1997), 'டேஞ்சரஸ் வோட்டர்ஸ்' (2005) ஆகியவை அந்நிறுவனத்தின் ஆக்கங்களே. போர்த் தொழிலும் பொழுதுபோக்குத் தொழிலும் எத்துணை நெருங்கிய உறவினர் என்பதற்கு இது ஒரு சான்று. ஆயினும் உற்பத்தி உறவினைச் சுட்டிக்காட்டியவுடனே படைப்பின் பண்பு முழுவதும் விளங்கிவிட்டதாகக் கருதுவது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகும். விளையாட்டின் உள்ளே, ஆடுபவர் என்ன செய்கிறார் என்பதை முதலிலே நோக்கவேண்டும்.

2

நீரில் மூழ்கியிருக்கும் கப்பலுக்குக் கண் இல்லை. பெரிஸ்கோப்பினை உயர்த்தக்கூடிய ஆழத்திலன்றி வேறெங்கும் அதற்கு உள்ள ஒரே புலன் செவியாகும். நீரொலிவாங்கியின் சில்லினைத் திருப்பத் திருப்பக் கடலின் இரைச்சல் நடுவே ஓரிடத்தில் ஒரு துடிப்புக் கேட்கிறது. வணிகக் கப்பலின் உந்துவிசிறி மெதுவாகவும் கனமாகவும் அடிக்கும். போர்க்கப்பலின் விசிறி விரைந்து அடிக்கும். துடிப்பு எந்தக் கோணத்திலே உரத்து ஒலிக்கின்றதோ அதுவே இலக்கின் திசை. அத்திசை அறியப்படும், தூரம் அறியப்படுவதில்லை. அப்பால் ஒரு கப்பல் உண்டு என்பதும் அது எத்திக்கில் உண்டு என்பதுமே கேட்பவரிடம் உள்ள செய்தி.

இங்கிருந்து தொடங்குவதுதான் இவ்விளையாட்டின் மிகச் சிறந்த பகுதி. விளையாட்டின் உதவிகளை எல்லாம் நீக்கிவிட்டு ஆடுவோர் கடல்வரைபடத்தையும் அடிமட்டத்தையும் பாகைமானியையும் கொண்டு இலக்கின் பாதையைத் தாமே கணிக்கவேண்டும். அதற்கென அவர்கள் கையாளும் முறை நான்கு திசைக்கோண முறை எனப்படுவது. அதனைச் சற்று விரிவாகவே நோக்குவோம். ஏனெனில் இக்கட்டுரையின் வாதம் முழுவதும் அதனிலேயே தங்கியுள்ளது.

முதலில் நீர்மூழ்கி தன் இயந்திரத்தை நிறுத்தவேண்டும். தனது இரைச்சலே தன் செவியை அடைத்துவிடும் என்பதே காரணம். பின்னர் சம கால இடைவெளியில், உதாரணமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையாக, மூன்று முறை இலக்கின் திசைக்கோணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வரைபடத்திலே ஒரு புள்ளியிலிருந்து விசிறியின் மட்டைகள் போல மூன்று கோடுகள் விரிகின்றன. இலக்கு வேகமும் திசையும் மாறாமற் செல்கின்றது என்று கொண்டால், சம நேரத்தில் அது சம தூரத்தைக் கடந்திருக்கும். ஆகவே மூன்று கோடுகளையும் வெட்டும்போது இரு சம துண்டங்களைத் தரக்கூடியவாறு அடிமட்டத்தை வைத்தால், அதன் சாய்வே இலக்கு செல்லும் திசையாகும்.

ஆனால் அத்தகைய சமாந்தரக் கோடுகள் எண்ணற்றவை. நான்கு கடல் மைல் தொலைவிலே மணிக்கு ஆறு கடல் மைல் வேகத்திற் செல்லும் கப்பலும், எட்டுக் கடல் மைல் தொலைவிலே மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் வேகத்திற் செல்லும் கப்பலும் ஒரே திசைக்கோணங்களையே தரும். அண்மையிலே மெதுவாகச் செல்லும் ஒன்றா, சேய்மையிலே விரைந்து செல்லும் ஒன்றா என்பதை இருந்த இடத்திலிருந்து பிரித்தறிய முடியாது. அங்கேயே தங்கி நான்காம், ஐந்தாம், நூறாம் கோணத்தைக் குறித்தாலும் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. ஒரே திசையிலே மாறா வேகத்திற் சென்றுகொண்டு கேட்டாலும் தூரம் பிடிபடாது.

கேட்பவர் தன் நிலையை மாற்றவேண்டும். இயந்திரத்தை மீண்டும் இயக்கி, சிறிது தூரம் சென்று, நின்று, புதிய இடத்திலிருந்து நான்காவது கோணத்தைக் குறிக்கவேண்டும். பழைய இடத்தில் இருந்திருந்தால் அந்நேரத்தில் இலக்கு எக்கோணத்திலே கேட்டிருக்கும் என்பதை முதல் மூன்று கோடுகளிலிருந்து கணிக்கலாம். அக்கோடும் புதிய கோடும் வெட்டும் இடத்திலே கப்பல் இருக்கின்றது. தூரமும் வேகமும் ஒருசேர வெளிப்படுகின்றன. அமெரிக்கக் கடற்படையிலே 1958இல் எக்லண்ட் வகுத்த தூரக் கணிப்பு முறையும் இதே உண்மையினையே அடிப்படையாகக் கொண்டது: தன் ஓட்டத்தை மாற்றும் கேட்போனுக்கே தூரம் புலனாகும்.

3

இம்முறையிலே அறிவுத்தோற்றவியல் சார்ந்த படிப்பினை ஒன்று அடங்கியிருக்கின்றது. அசையாதிருந்து நோக்குபவன் எத்தனை தரவுகளைச் சேர்த்தாலும் பொருளின் மெய்ந்நிலையை அடைவதில்லை. தன் நிலையை மாற்றிச் செயற்படுவதன் ஊடாகவே அதனை அடைகின்றான். சிந்தனையின் மெய்ம்மை நடைமுறையிலேயே நிறுவப்படவேண்டும் என்று மார்க்ஸ் 1845இல் ஃபொயர்பாக் பற்றிய ஆய்வுக் குறிப்புக்களில் வற்புறுத்தியது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. நோக்குபவன் எங்கு நிற்கிறான் என்பது அறிவுக்குப் புறம்பான செய்தியன்று என்பதை 1923இல் லூக்காச் வர்க்க உணர்வு பற்றிய தமது நூலிலே விரித்துரைத்தார். மணிமேகலையிலே சமயக் கணக்கர் தத்தம் அளவைகளை எடுத்துரைக்கும் காதையை அறிந்த எமக்கு, புகையைக் கொண்டு நெருப்பினைத் துணியும் அனுமானம் புதிதன்று. புகையைக் கண்டவன் மலை ஏறிச் சென்றே நெருப்பு எவ்வளவு பெரிது என்பதை அறிவான் என்பதைத்தான் இவ்விளையாட்டு மேலதிகமாகக் கற்பிக்கின்றது.

இன்னுமொன்று. முறை முழுவதும் ஓர் எடுகோளிலே தங்கியுள்ளது: இலக்கு தன் பாதையை மாற்றாது. உண்மையான போரிலே வணிகக் கப்பல்கள் இதனை அறிந்தே வளைந்து வளைந்து சென்றன. இலக்கு எனப்படுவது அசைவற்ற பொருளன்று. அதுவும் சிந்திக்கின்றது, தன்னைக் கேட்பவர் உண்டென்பதை அறிந்து நடந்துகொள்கின்றது. கணித்த இடத்திலே கப்பல் இல்லாதபோது ஆடுபவருக்கு ஏற்படும் ஏமாற்றம், எதிரேயுள்ளது மனிதர் இயக்கும் கலம் என்பதை ஒரு கணம் உணர்த்திவிடுகின்றது.

இவ்வளவிலே இவ்விளையாட்டினை நச்சுச் சரக்கென ஒதுக்குவோர் தவறு செய்கின்றனர் என்று துணிந்து கூறலாம். பொறுமை, ஐயம், தன் இரைச்சலை அடக்கிப் பிறிதொன்றைக் கேட்டல், தன் கணிப்பினை மெய்ந்நிலைக்கு முன்னே சோதித்தல் ஆகிய பண்புகளை இது கோருகின்றது. எமது காலத்து வணிகக் கலைகளுள் இவற்றைக் கோருவன மிகச் சிலவே.

4

ஆயினும் போற்றுவோரின் கூற்று இதனால் நிலைநாட்டப்படுவதில்லை. 'சைலன்ற் ஹன்ரர் 3' தனது யதார்த்தத்தினைத் தானே அளந்து கூறுகின்றது. எரிபொருள் வரையறை, காற்று வரையறை, வெடியாத டோர்ப்பிடோ, கைமுறைக் குறிபார்த்தல் என்றவாறு தெரிவுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் இத்தனை வீதம் எனக் கணக்குண்டு. யாவற்றையும் ஏற்றுக்கொண்டால் யதார்த்தம் நூறு வீதமாகிவிடுகின்றது!

யதார்த்தவாதத்துக்கும் இயற்பண்புவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டினை நீண்டகாலமாக விவாதித்து வந்த ஈழத்துத் திறனாய்வுலகுக்கு இந்த நூறு வீதம் சிந்தனைக்குரியது. விவரங்களைப் பிசகின்றிக் குவிப்பது இயற்பண்புவாதம்; விவரங்களை இயக்கும் சமூக உறவுகளை அவற்றின் முழுமையிலே வெளிக்கொணர்வது யதார்த்தவாதம். இவ்விளையாட்டிலே குழாய்களும் மானிகளும் வால்வுகளும் பிசகின்றி உள்ளன. உறவுகளின் நிலை என்ன?

முதலிலே படகினுள் நடைபெறும் உழைப்பினை நோக்குவோம். நீரொலிவாங்கியின் முன்னே முறைவைத்து அமர்ந்து மணிக்கணக்கிலே கேட்டவர்கள் இளம் வானொலிப் பணியாளர்கள். விளையாட்டிலே ஆடுபவர் விரும்பிய போது அவ்விருக்கையிலே தாமே அமரலாம். அலுத்தபோது எழுந்து தலைவராகலாம். காலத்தை ஆயிரம் மடங்கு விரைவுபடுத்தி வாரங்களைச் சில நிமிடங்களாக்கலாம். உழைப்பின் நுட்பம் எஞ்சுகின்றது; உழைப்பு நேரம் மறைந்துபோகின்றது. உழைப்புப் பிரிவினை ஒரே மனிதரின் மனவிருப்பமாக மாற்றப்பட்டுவிடுகின்றது. அப்படகுகளிலே சென்றோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மீளவில்லை என்ற வரலாற்றுண்மைக்கு நூறு வீதத்துள் எத்தனை வீதம் ஒதுக்கலாம்?

அடுத்து, அழிவினை அளக்கும் அலகினை நோக்குவோம். மூழ்கடித்த கப்பலின் வகையும் தொன் கணக்கும் பதிவேட்டிலே எழுதப்படுகின்றன. அக்கணக்குப் புகழ்ப்புள்ளியாக மாறுகின்றது. புகழ்ப்புள்ளியைக் கொடுத்துப் புதிய கருவிகளையும் தேர்ந்த பணியாளரையும் பெறலாம். இது விளையாட்டின் புனைவு மட்டுமன்று. டேனிட்ஸின் தலைமையில் ஜேர்மன் கடற்படை நடத்தியது தொன் கணக்குப் போரே. ஏறத்தாழ 100,000 தொன்னை எட்டிய தலைவர்களுக்கு வீரச்சிலுவை அணிவிக்கப்பட்டது. அந்தத் தொன் எதனைக் குறித்தது? கப்பலின் எடையை அன்று. 100 கன அடி உள்வெளி ஒரு பதிவுத் தொன். துறைமுகக் கட்டணங்கள் விதிக்கப் பயன்பட்ட வணிக அளவை அது. கொலையின் கணக்கு, சரக்கேற்றும் கொள்ளளவின் கணக்காக எழுதப்பட்டது. மனிதரிடையேயான உறவு பொருள்களிடையேயான உறவாகத் தோற்றமளிப்பதனைப் பண்ட வழிபாடு என்று மார்க்ஸ் விளக்கினார். அதற்கு இதனினும் தெளிவான உதாரணத்தைக் காண்பது அரிது.

இனி, ஒலிவாங்கியிலே கேட்கும் அத்துடிப்புக்கு மீள்வோம். நிலக்கரியால் இயங்கிய கப்பலிலே உந்துவிசிறியைச் சுழற்றியது யார்? கொதிகலன் அறையிலே கரியை அள்ளிப்போட்ட உழைப்பாளியே. பிரித்தானிய வணிகக் கப்பல்களின் தொழிலாளருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் லாஸ்கர்கள் என அழைக்கப்பட்ட இந்தியக் கடற்றொழிலாளர். இயந்திர அறையின் வெப்பம் பெரும்பாலும் அவர்களுக்கே உரியதாயிற்று. வெள்ளைத் தொழிலாளர் பெற்ற ஊதியத்தின் ஒரு சிறு பங்கினையே அவர்கள் பெற்றனர். 1939இல் போர் மூண்டதும் பிரித்தானியத் துறைமுகங்களிலே அவர்கள் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர், பலர் சிறையிடப்பட்டனர். நீரொலிவாங்கியிலே கேட்டது அவர்களது உழைப்பின் ஒலியாகும். விசிறியின் சுற்றுக்களை எண்ணி வேகத்தைக் கணித்தவன் அவர்களது உழைப்பினையே எண்ணினான். அவன் அறிந்ததோ வேகத்தை மட்டுமே.

1940 செப்ரெம்பர் 17ஆம் நாள் இரவு யூ-48 என்னும் நீர்மூழ்கி, லிவர்பூலிலிருந்து கனடா நோக்கிச் சென்ற 'சிற்றி ஒஃப் பெனாரிஸ்' என்னும் கப்பலை மூழ்கடித்தது. பதிவுத் தொன் 11,081. குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கடல் கடந்து அனுப்பப்பட்ட 90 பிள்ளைகள் அதிலே இருந்தனர்; அவர்களுள் 77 பேர் மாண்டனர். பணியாளருட் பெருந்தொகையினர் இந்தியர். உயிர்ப்படகு ஒன்றிலே 46 பேர் எட்டு நாட்கள் மிதந்து மீட்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் லாஸ்கர்கள். இது ஒலியைக் கொண்டு மட்டும் நடத்தப்பட்ட தாக்குதலன்று. இருளிலே கப்பலின் உருவம் தெரிந்திருந்தது. ஆயினும் அக்கப்பலிலே பிள்ளைகள் இருந்தமையை அறிய வழியிருக்கவில்லை என்பதே நீர்மூழ்கித் தலைவன் பிளைக்ரொட்டின் நிலைப்பாடாக இருந்தது. அக்கூற்று மெய்யாகவே இருக்கலாம். அறிய முடியாத நிலையிலிருந்து கொல்வதனையே வழமையான தொழிலாக்கிய ஒழுங்கமைப்பு யாது என்பதே வரலாறு கேட்கும் வினா. பிள்ளைகளைப் பற்றி உலகம் அறிந்தது. அவர்களோடு மாண்ட கடற்றொழிலாளரைப் பற்றி அவ்வளவாக அறியவில்லை என்பதையும் இங்கு சேர்த்தே நோக்கவேண்டும்.

5

ஒலியைக் குறியாகக் கொண்டு எய்யும் வித்தை எமது இலக்கிய மரபுக்கு அந்நியமானதன்று. இராமனைப் பிரியும் துயரிலே தயரதன் கோசலைக்குக் கூறும் பழங்கதையை வான்மீகியும் கம்பனும் தத்தம் காவியங்களில் அமைத்துள்ளனர். வேட்டைக்குச் சென்ற அரசன் இருளிலே நீர்த்துறையில் எழுந்த ஒலியைக் கேட்கிறான். யானை நீர் அருந்துகின்றது எனத் துணிந்து ஒலி வந்த திசையிலே அம்பு தொடுக்கிறான். குடத்திலே நீர் மொண்டுகொண்டிருந்த சிறுவன் வீழ்கிறான். ஒலியைக் கேட்டே குறி தவறாது எய்வான் என்ற பெயர் அரசனுக்கிருந்த பெருமை. திசை பிழைக்கவில்லை, கணிப்புப் பிழைக்கவில்லை, எய்யப்பட்டது யார் என்பது மட்டுமே பிழைத்தது.

இக்கதையின் உயிர் அம்பு தைத்த பின்னரே தொடங்குகின்றது. அரசன் தான் நின்ற இடத்தை விட்டு ஒலி எழுந்த இடத்துக்கு நடந்து செல்கிறான். அங்கிருந்து, கண்பார்வையற்ற பெற்றோர் காத்திருக்கும் குடிலுக்கும் செல்கிறான். வான்மீகத்திலே அவர்கள் அவனது காலடி ஓசையைக் கேட்டு மகன் வந்துவிட்டான் என எண்ணுகின்றனர். கேட்டுக் கொன்றவன் இப்போது கேட்கப்படுகிறான். நிலவுடைமைக் காலத்துக் காவியம் அக்குற்றத்தினை ஊழ்வினை, சாபம் என்ற கருத்துக்களின் எல்லைக்குள்ளேயே விளங்கிக்கொண்டது. அடிபட்ட சிறுவன், தான் அந்தணன் அல்லன், வைசியத் தந்தைக்கும் சூத்திரத் தாய்க்கும் பிறந்தவன் என்று கூறி, பிரமகத்தி நேருமோ என்ற அரசனின் அச்சத்தை நீக்குவதும் வான்மீகத்திலே உண்டு. சாகும் பொழுதிலும் வருணத்தின் கணக்கு! இவ்வரம்புகள் இருந்தும் அப்புலவர்கள் ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை: எய்தவன் நீர்த்துறைக்குச் சென்றே ஆகவேண்டும்.

எமது விளையாட்டிலே நீர்த்துறைக்குச் செல்லும் வழி இல்லை. நான்காவது கோணத்தின் பொருட்டு நிலையை மாற்றுமாறு ஆடுபவரைக் கற்பிக்கும் அதே படைப்பு, அம்மாற்றத்தைப் படகின் ஓட்டத்தோடு நிறுத்திவிடுகின்றது. அறிவுக்கு இடமாற்றம் இன்றியமையாதது என்ற உண்மையைக் குறிபார்த்தலின் தேவைக்கு மட்டும் பயன்படுத்தி, குறி தைத்தவுடன் அதனைக் கைவிட்டுவிடுகின்றது. படைப்பின் மைய முரண்பாடு இதுவே. காவற்கப்பல்கள் மேலே சூழ்ந்து ஆழ்குண்டு வீசும்போது ஆடுபவரும் இலக்காகிறாரே என்று ஒருவர் வாதிக்கலாம். ஆனால் அப்போதும் அவர் தம் படகினுள்ளேயே இருக்கிறார். தம் அச்சத்தை அறிகிறார். தம்மால் எய்யப்பட்டவரின் அச்சத்தை அறிவதில்லை.

இவ்வரம்பு வடிவத்தின் இயல்பான குறைபாடன்று என்பதற்கு 'டாஸ் போற்' திரைப்படம் சான்றாகும். 1941இல் போர்ச் செய்தியாளராக யூ-96இலே பயணம் செய்த புக்ஹைம் 1973இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, பீற்றர்சன் 1981இல் அதனை நெறிப்படுத்தினார். அப்படமும் பெரும்பாலும் படகினுள்ளேயே நிகழ்கின்றது. அனுதாபம் முழுவதும் படகினருக்கே என்ற குறையும் அதற்கு உண்டு. ஆயினும் எரிந்துகொண்டிருக்கும் எண்ணெய்க் கப்பலிலிருந்து மனிதர் கடலிலே குதிப்பதைப் படகினர் காண நேரும் காட்சியிலே, இலக்கு என்ற சொல் உடைந்துவிடுகின்றது. அவர்கள் அம்மனிதரை மீட்காமற் பின்வாங்குகின்றனர். அந்தப் பின்வாங்கலைப் பார்வையாளர் மறக்க முடியாது. விளையாட்டு அப்படத்தின் இருளையும் வியர்வையையும் இரும்பின் முனகலையும் பெற்றுக்கொண்டது. அக்காட்சியின் பொருளைப் பெற்றுக்கொள்ளவில்லை.

6

ஆகவே முற்போக்குத் திறனாய்வாளரின் கடமை இவ்வகைப் படைப்புக்களைத் தடுப்பதோ புறக்கணிப்பதோ அன்று. அவற்றினுள்ளே உறைந்துகிடக்கும் மெய்யறிவினை இனங்கண்டு, அதனை அதன் முடிவுவரை கொண்டுசெல்லுமாறு கோருவதே கடமை. மூன்று கோணங்களைப் படகிலிருந்து குறித்தவர் நான்காவதைக் கொதிகலன் அறையிலிருந்து குறிக்கட்டும். கரியள்ளும் சவளைக் கையிலே பிடித்தவாறு, கப்பலின் இரும்புச் சுவருக்கு அப்பால் ஏதேனும் கேட்கின்றதா என்று செவிகொடுக்கட்டும். இதனை ஆக்கக்கூடிய தொழில்நுட்பம் 2005இலேயே இருந்தது. சந்தை அதனைக் கேட்கவில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்திலே பிறந்து வளர்ந்த எமது தலைமுறையினர், எறிகணை புறப்படும் ஒலியைக் கேட்டு அதன் திசையையும் அது விழக்கூடிய இடத்தையும் கணித்துப் பதுங்குகுழிக்குள் இறங்கியவர்கள். வரைபடமோ பாகைமானியோ இன்றித் தாய்மாரும் சிறுவரும் அக்கணிப்பினைச் செய்தனர். ஒலியின் திசையை அறிதல் எய்பவனின் கலை மட்டுமன்று. இலக்காக நின்றவரின் அறிவும் அதுவே. அவ்வறிவு இன்னும் எந்த விளையாட்டிலும் இடம்பெறவில்லை. எமது இலக்கியத்திலும் அது போதிய அளவு எழுதப்படவில்லை. நான்காவது கோணத்தைக் குறிக்கவேண்டிய இடத்திலே நிற்பவர்கள் நாம் என்பதை உணர்வதே அதனை எழுதத் தொடங்குவதற்கு முதற்படியாகும்.